ஆய்வுக்கூடத்தில் முதல் வாரமா? கையுறையைக் கவனியுங்கள்

சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கிலோ ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையிலோ ஆய்வுக்கூட வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது.

படி 1: உடை
வெளியே எவ்வளவு புழுக்கமானாலும் அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் வேண்டாம். மூடிய காலணி, முழுக்கால் உடை, பொத்தான் போட்ட கோட், பாதுகாப்புக் கண்ணாடி. பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கும்.

படி 2: போத்தலைப் படியுங்கள்
சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுவாலை இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும், மண்டை ஓடு என்றால் கடும் நஞ்சு, கையில் திரவம் சொட்டும் படம் என்றால் அரிக்கும்.

படி 3: கையுறை
புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கையுறை போட்ட தைரியத்தில் கைத்தொலைபேசி, கதவுப்பிடி, மின்தூக்கிப் பொத்தான் எல்லாவற்றையும் தொடுவார்கள். அப்புறம் அதே இடங்களை மற்றவர்கள் வெறுங்கையால் தொடுவார்கள். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை எல்லாவற்றையும் தடுக்காது. அசிட்டோன் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். தெறித்தால் உடனே மாற்றுங்கள்.

கழற்றும் முறை: ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வெளிப்புறமாகக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வருமாறு உரியுங்கள். அதை மற்றக் கைக்குள் சுருட்டிப் பிடியுங்கள். இப்போது வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே நுழைத்து, முதலாவதையும் சேர்த்து மூடுமாறு உரியுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எது எதோடு கலந்தது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும்? 2003 செப்டம்பரில் இங்கே வெஸ்ட் நைல் கிருமியை ஆராய்ந்த ஒருவருக்கு சார்ஸ் தொற்றியது. அவர் கையாண்ட மாதிரியில் சார்ஸ் கிருமி கலந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது.

படி 4: அமிலம் நீர்த்தல்
முதலில் தண்ணீர், அதில் மெல்ல அமிலம். அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூட்டில் கொதித்துத் தெறிக்கும். காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள் செய்யுங்கள்; கண்ணாடிக் கதவு தாழ்ந்திருக்கட்டும், தலை வெளியே.

படி 5: கண்ணில் பட்டால்
கண்கழுவும் குழாய் எங்கே என்று முதல் நாளே நடந்து பாருங்கள். பட்ட பிறகு கண்ணைத் திறந்து தேட முடியாது. சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். இமையை விரலால் விரித்து, 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். "இப்போ பரவாயில்லை" என்று இடையில் நிறுத்தாதீர்கள். கூட இருப்பவர் 995ஐ அழைத்து ரசாயனத்தின் பெயரைச் சொல்லட்டும். அதன் பாதுகாப்புத் தகவல் தாளையும் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்புங்கள்.