துப்பாக்கிப் புழக்கமும் கொலை விகிதமும்: கணித மாதிரி அமைக்கும் முறை

சென்னையில் புள்ளியியல் பயிலும் மாணவர்கள் இந்த ஆய்வைத் தொடங்கும்போது, ஓராண்டில் 1 இலட்சம் மக்களுக்கு நிகழ்ந்த கொலைகளைக் கணக்கிட்டு, துப்பாக்கியால் நிகழ்ந்தவற்றைத் தனியே பிரிக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இதற்கு உதவும்.

கடினமான பகுதி, துப்பாக்கிகள் எவ்வளவு புழங்குகின்றன என்பதை அளப்பதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழங்கப்பட்ட உரிமங்களை மட்டும் எண்ணினால், உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் விடுபட்டுவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் தற்கொலைகளில் துப்பாக்கியால் நிகழ்ந்தவற்றின் பங்கையே மாற்று அளவீடாகக் கொள்வதுண்டு. அங்கே அப்பங்கு ஏறத்தாழ பாதி என்பதால் அது பொருந்துகிறது, ஆனால் இந்தியாவில் அது மிகச் சிறியது என்பதால் அப்படியே எடுத்தாள்வது பெரும் பிழையாகும்.

கொலைகள் எண்ணப்படுபவை ஆதலால் எண்ணிக்கைகளுக்கான நிகழ்தகவு மாதிரியான பாய்சான் (Poisson) மாதிரியில் தொடங்கி, மாறுபாடு (தரவின் சிதறல் அளவு) சராசரியைவிட மிகுந்தால், அந்தக் கூடுதல் சிதறலுக்கு இடந்தரும் எதிர்மறை ஈருறுப்பு (negative binomial) மாதிரிக்கு மாறுங்கள். எண்ணிக்கையை விகிதமாகக் காண, மக்கள்தொகையின் மடக்கையை (logarithm) கெழு, அதாவது பெருக்கெண், 1 உடைய உறுப்பாகச் சேர்த்து, வறுமை, நகரமயம், வயதுப் பகிர்வு ஆகியவற்றையும் மாறிகளாக இடுங்கள். துப்பாக்கிப் புழக்கத்தின் கெழு 0.02 என்று வந்தால், புழக்க அளவீடு ஓர் அலகு உயரும்போது கொலை விகிதம் ஏறத்தாழ 2 விழுக்காடு உயர்கிறது என்று பொருள்.

கொலைகள் பெருகிய அச்சத்தாலும் மக்கள் துப்பாக்கி வாங்கக்கூடும். ஆகவே முந்தைய ஆண்டின் புழக்கத்தை இவ்வாண்டின் கொலைகளோடு பொருத்தி, முடிவு நிலைக்கிறதா என்று மறவாமல் சோதியுங்கள்.