காற்று வலுக்கும்போது பெரும்பாயைச் சுருக்குவது எப்படி

காற்றின் வேகம் இரட்டிப்பானால் பாயின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசிய காற்று 14 ஆனாலே விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். சற்றுமுன் நிதானமாக ஓடிக்கொண்டிருந்த படகு சில நிமிடங்களில் மிகவும் சாய்ந்து, சுக்கானை முழு பலத்தோடு பிடித்தால்தான் திசையில் நிற்கும் என்ற நிலைக்கு வருவது இதனால்தான். இதை நல்ல வேகத்தின் அறிகுறி என்று பலர் மகிழ்கிறார்கள். ஆனால் அதிகமாகத் திரும்பி நிற்கும் சுக்கான் தண்ணீரைத் தடுக்கும் பலகையாகவே செயல்படுகிறது. பாய்மரத்துக்குப் பின்னாலுள்ள பெரும்பாயைச் சுருக்கினால், அதாவது சற்று இறக்கிக் காற்று படும் பரப்பைக் குறைத்தால், படகு நிமிர்ந்து, பெரும்பாலும் வேகம் குறையாமலே ஓடும்.

சுருக்கலாமா என்ற எண்ணம் முதலில் எழும்போதே சுருக்கிவிட வேண்டும். குறிப்பாக, காற்று பின்னாலிருந்து வீசும்போது ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். 20 கடல் மைல் வேகக் காற்றில் படகு 6 கடல் மைல் வேகத்தில் அதே திசையில் ஓடினால், தளத்தில் இருப்பவர் உணர்வது 14 மட்டுமே. காற்றை எதிர்கொள்ளத் திரும்பிய உடனே அது 20-ஐத் தாண்டிவிடும்.

காக்பிட்டை, அதாவது சுக்கான் பிடிப்பவர் அமரும் பள்ளமான இடத்தை, விட்டு வெளியே வருமுன் பாதுகாப்புக் கச்சையை அணிந்து, அதன் வாரைத் தளத்தின் நீளவாக்கில் கட்டிய பட்டை நாடாவில் மாட்டிக்கொள்ளுங்கள். உருண்டையான கம்பிக்கயிறு காலடியில் உருளும் என்பதால் பட்டை நாடாவே நல்லது. வார் குட்டையாக இருக்கட்டும். விழுந்தபின் தூக்கிவிடுவதைவிட, விழாமல் தடுப்பதே அதன் முதல் வேலை.

இப்போது காற்று முன்பக்கவாட்டில் வரும்படி படகைத் திருப்புங்கள். முன்பாயில் காற்று நிறைந்திருந்தால் படகு ஓட்டத்தை இழக்காது. பெரும்பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும், பாயின் அடியிலுள்ள கிடைக்கழியைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றையும் தளர்த்திப் பாயைப் படபடக்க விடுங்கள். கழியின் பின்முனையைத் தாங்கும் கயிற்றை இறுக்குவதை மறக்கக் கூடாது. அதை மறந்துவிட்டால், பாயை மேலே தூக்கி நிறுத்தும் ஏற்றுகயிறு தளர்ந்ததும் கழி காக்பிட்டில் இருப்பவர்களின் தலைமீது இறங்கும்.

ஏற்றுகயிற்றைத் தேவையான அளவு மட்டும் இறக்குங்கள். அந்த அளவை முன்பே துறைமுகத்தில் பார்த்து, கயிற்றில் மையால் குறியிட்டு வைத்திருந்தால் இருட்டிலும் தடுமாற்றம் இருக்காது. பாயின் முன்விளிம்பிலுள்ள சுருக்கு வளையத்தைப் பாய்மரத்தின் அடியிலுள்ள கொக்கியில் மாட்டி, ஏற்றுகயிற்றை மீண்டும் இறுக்கும்வரை கையால் பிடித்திருங்கள், ஏனெனில் தளர்ந்த பாய் படபடக்கும்போது வளையம் கொக்கியிலிருந்து எளிதில் நழுவிவிடும்.

முன்விளிம்பு விறைத்து நின்ற பிறகே பின்விளிம்பின் சுருக்குக் கயிற்றை வின்ச்சில் (கயிற்றை இழுக்க உதவும் உருளையில்) சுற்றி இழுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் ஏற்றுகயிறு சரியாக இறுகாது. பின்விளிம்பிலுள்ள சுருக்கு வளையம் கீழேயும் பின்னோக்கியும் ஒருசேர இழுபட்டு, பாயின் அடிப்பகுதி தட்டையாகும்வரை இழுங்கள். அங்கே தொய்வு விட்டால் பாய் வயிறு பிதுங்கி, காற்றை இன்னும் அதிகமாகப் பிடிக்கும். பிறகு தாங்குகயிற்றைத் தளர்த்தி, கழியின் கயிறுகளை இறுக்கிப் பயணத்தைத் தொடரலாம். சுக்கான் இன்னும் கனமாக இருந்தால் பாயில் அதற்கு மேலுள்ள அடுத்த சுருக்கு வளைய வரிசைக்கும் சுருக்குங்கள். முன்பாயையும் அதற்கேற்பக் குறைத்தால்தான் படகின் சமநிலை கெடாது.

சுருக்கியபின் கழியருகே தொங்கும் துணியை, பாயின் நடுவிலுள்ள துளைகளில் கோத்த சிறு கயிறுகளால் தளர்வாகக் கட்டினால் போதும். அவை சுமை தாங்குவதற்கானவை அல்ல. காற்று தணிந்து பாயை விரிக்கும்போது அவற்றைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். ஒன்று அவிழாமல் இருக்கையில் ஏற்றுகயிற்றை இழுத்தால், அந்தத் துளையிலிருந்தே பாய் கிழியத் தொடங்கும்.