கிராம சபைத் தீர்மானத்தை எழுத வைப்பது எப்படி: வரவு செலவு, வீட்டு வரி, பாசன வாய்க்கால்

கிராம சபை என்றால் என்ன, அதில் யார் உறுப்பினர் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டத்தில் வாய்க்காலைப் பற்றியும் வரியைப் பற்றியும் தொண்டை வறளப் பேசிவிட்டு வந்தும் வேலை எதுவும் நகராதவர்களுக்கே இது அதிகம் பயன்படும். எங்கள் ஊர்க் கிளை வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்ற தீர்மானம் "இது எமது கட்டுப்பாட்டில் இல்லை" என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தில் அதே கோரிக்கையை வேறு வாசகத்தில் எழுதி, உரிய துறைக்கு அனுப்பிய பிறகுதான் பொக்லைன் வந்து இறங்கியது. வாசகத்தையும் அனுப்பிய இடத்தையும் தவிர வேறு எதுவும் மாறியிருக்கவில்லை.

படி 1: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடும். மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் 2022இல் சேர்க்கப்பட்டவை. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே நேரம், இடம், பொருள் நிரல் ஆகியவற்றுடன் அறிவிப்பு வெளியாக வேண்டும். உங்கள் கோரிக்கையை அந்த வாரத்திலேயே எழுத்து மூலம் ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். கூட்டத்தன்று எழுந்து சொல்லும் கோரிக்கை "இதர பொருள்கள்" என்ற கடைசித் தலைப்பில் போய்ச் சேரும். அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும்.

படி 2: வரவு செலவைக் கேட்டு வாசியுங்கள்

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆவது பிரிவு, ஊராட்சியின் திட்டத்தையும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் கிராம சபையின் முன் கொண்டுவரச் செய்கிறது. படிவம் 30 எனப்படும் வரவு செலவுச் சுருக்கத்தைப் பதாகையாக எழுதிக் கூட்டத்தில் வைப்பது வழக்கம். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது. ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக் கையால் எழுதிக்கொள்ளுங்கள்: எங்கிருந்து வந்த பணம், எந்தக் கணக்கில் இருக்கிறது, எதற்குச் செலவானது. கணினி அட்டவணையைவிட இந்த நோட்டுதான் எனக்குப் பிடிக்கும், ஏனெனில் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும்போது கையில் வைத்துப் பார்க்க அதுவே வசதி.

"நிதி இல்லை" என்ற பதில் சில நேரங்களில் உண்மை, சில நேரங்களில் பாதி உண்மை. 2021-22 முதல் 2025-26 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே உரிய, கட்டுண்ட நிதியாகும்; அதை வயல்பாதைக்குத் திருப்ப முடியாது. மீதமுள்ள 40 சதவீதமும், ஊராட்சியின் சொந்த வரி வருவாய் சேரும் பொது நிதிக் கணக்கும்தான் விவாதத்துக்குரிய இடங்கள். ஆகவே "ஏன் செய்யவில்லை" என்று கேட்பதை விடுத்து, "பொது நிதிக் கணக்கில் இன்றைய இருப்பு எவ்வளவு, அதில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவு எவ்வளவு" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஊராட்சிச் செயலாளர் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

படி 3: வீட்டு வரி

இதில் பலரும் இரண்டு வரிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். விளைநிலத்துக்கான நிலவரி கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருவாய்த் துறைக்குப் போவது. அதன் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வீட்டு வரி ஊராட்சிக்கு உரியது. அதன் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வீட்டு வரியோடு அதன் பத்து சதவீதம் நூலக வரியாகவும் சேர்கிறது. கிஸ்தி எனப்படும் அந்த நிலவரி பற்றிய புகாரை ஊராட்சித் தலைவரிடம் எத்தனை முறை கொடுத்தாலும் பலன் இராது.

ஊராட்சிப் பகுதியின் வீட்டு வரியை ஊரக வளர்ச்சித் துறையின் வி.பி.டாக்ஸ் தளத்தில் செலுத்தலாம். கையால் எழுதிய ரசீதைவிட இந்த ரசீதையே நான் விரும்புகிறேன். நிலுவை என்று பிறகு யாரும் கேட்க வழியில்லை. வரி விதிப்பில் ஐயம் இருந்தால் முதலில் கட்டட வகையும் பரப்பும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஓட்டு வீடு தளம் போட்ட வீடாகப் பதிவாகியிருப்பதும், மாட்டுக் கொட்டகை குடியிருப்புப் பரப்பில் சேர்ந்திருப்பதும்தான் பெரும்பாலான முரண்களுக்குக் காரணம். கிராம சபையால் ஒருவரின் வரியைக் குறைத்துவிட முடியாது. ஆனால் கேட்பு (கட்ட வேண்டிய வரி), வசூல், நிலுவைப் பட்டியலை வாசிக்கச் சொல்லி, நெடுங்காலமாக வரியே விதிக்கப்படாத கட்டடங்களைக் கணக்கில் கொண்டுவரத் தீர்மானம் போட முடியும். அங்குமிங்குமாக விடுபட்ட வணிகக் கட்டடங்கள் சேர்ந்தாலே பொது நிதியில் அந்த வேறுபாடு தெரியும்.

(பக்கத்துப் பேரூராட்சியில் வரி உயர்ந்துவிட்டதே, நமக்கும் உயருமா என்று சிலர் கேட்டார்கள். 2022இல் பரப்பளவுக்கு ஏற்ப, 600 சதுர அடி வரை 25 சதவீதம் எனத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்பட்டது நகர்ப்புற உள்ளாட்சிகளின் சொத்து வரி. கிராம ஊராட்சிக்கு விதிகள் வேறு.)

படி 4: நீர்நிலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

எங்கள் தீர்மானம் திரும்பி வந்தது இந்த இடத்தில்தான். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊரில் "பெரிய ஏரி" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பெரியது என்பதற்கு ஆவணம் வேண்டும். ஆயக்கட்டு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். புல எண்ணுக்கு (சர்வே எண்) உரிய ஏ பதிவேட்டு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) விவரத்தையும் புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை வரைபடம்) வருவாய்த் துறையின் இணையச் சேவையிலிருந்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தைக் காட்டி வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் அதை ஒருவரும் ஆவணமாக எடுத்துக்கொள்வதில்லை. புலப்படத்தில் வாய்க்காலின் கோடு எந்த உட்பிரிவின் ஓரமாகப் போகிறது என்பதை ஒரு முறை விரல் வைத்துத் தொடர்ந்து பார்த்துவிட்டால், ஆக்கிரமிப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் புரிந்துவிடும்.

ஆக்கிரமிப்பு இருந்தால் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் தொடர்பான 2007ஆம் ஆண்டுச் சட்டம் நீர்வளத் துறை ஏரிகளுக்கானது. மற்ற புறம்போக்குகளுக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வருவாய்த் துறையை அணுக வேண்டும்.

படி 5: வாசகம்

பதிவேட்டில் வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்: "வாய்க்கால் தூர்வாருவது குறித்து விவாதிக்கப்பட்டு, ஆவன செய்ய மன்றம் அங்கீகரிக்கிறது." இந்த வரி யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. எந்த வாய்க்கால், யார் செய்வது, எந்தப் பணம், எப்போதைக்குள் என்ற நான்கும் இதில் இல்லை.

அதே கோரிக்கை இப்படி இருக்கட்டும் (புல எண்ணும் இடப்பெயர்களும் மாதிரிக்காக): "புல எண் 112/3இல், ஏ பதிவேட்டில் வாய்க்கால் எனப் பதிவான புறம்போக்கில், கீழமடை முதல் சுடுகாட்டுப் பாலம் வரையிலான பகுதியைச் சம்பா நடவுக்கு முன்பாகப் பொது நிதியிலிருந்து தூர்வாருவது எனவும், அதற்கான மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளரிடம் கோருவது எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." நீர்வளத் துறை ஏரியாக இருந்தால் ஊராட்சி தானே வேலை செய்ய முடியாது, அப்போது "நீர்வளத் துறைச் செயற்பொறியாளரைக் கோருவது எனவும், தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவது எனவும்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் அந்த நகலுக்கு எடை உண்டு.

இந்த வாசகத்தை வீட்டிலேயே ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். அதைச் செயலாளர் பார்த்து எழுதினால் அவருக்கும் வேலை குறையும். இதை எதிர்ப்பாகக் காட்டாமல் உதவியாகக் கொடுத்தால் மறுப்பவர்கள் குறைவு.

படி 6: எழுதிய பிறகு கையெழுத்து

பல ஊர்களில் வருகைக் கையெழுத்து முதலில் வாங்கப்படும், தீர்மானங்கள் பிறகு நிதானமாக எழுதப்படும். வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவதில் தவறில்லை. குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வேண்டிய வருகை, நிறைவதற்கு அது தேவை. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும் வந்திருக்க வேண்டும். ஆனால் தீர்மானப் பக்கத்தின் அடியில் கையெழுத்திடுமுன், எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வரிகளுக்கு இடையே வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். படம் எடுக்க மறுத்தால் தகராறு வேண்டாம்; தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு கடிதத்துடன் அனுப்புங்கள். முன்பு பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தேன்; 2025இல் அது விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால் இனி விரைவுத் தபால்தான்.

பிற்சேர்க்கை

தலைவரே இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபை நடக்கும், மேலே சொன்ன முறையும் பொருந்தும். "தலைவர்" என்று எழுதும் இடத்தில் "தனி அலுவலர்" என்று எழுதுங்கள்.

வயலுக்கு வண்டல் மண் எடுக்கவும் தீர்மானம் வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. அதற்காகக் கிராம சபை வரை காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரி, குளமாக இருந்தால் 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை கட்டணமின்றி எடுக்கலாம். சிட்டா, அடங்கல் நகல்களைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.