முயல் தும்மினால் முதலில் முன்னங்காலைப் பாருங்கள்

முயலுக்கு மூக்கு ஒழுகினால், நாம் பார்ப்பதற்குள் அதுவே துடைத்துவிடும். பூனை முகம் கழுவுவதைப் போல இரண்டு முன்னங்கால்களாலும் மூக்கைத் தேய்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கும். நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் பிராணி அல்லவா, நோயை மறைப்பது அதன் பிறவிக் குணம். என் வெள்ளச்சி நான்கு நாட்கள் இப்படித்தான் என்னை ஏமாற்றினாள்.

முதல் வேலை, காலைத் திருப்பிப் பார்ப்பது. காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். மல்லாத்தவும் வேண்டாம், மூச்சுக்குத் திணறும் முயலுக்கு அது ஆபத்து. பின்பக்கத்தைக் கையால் தாங்கி மடியில் உட்கார வைத்து, முன்னங்காலின் உட்பக்கத்தை மெல்லத் திருப்புங்கள். நல்ல முயலுக்கு அந்த ரோமம் பஞ்சு போல இருக்கும். சளி துடைத்த காலில் அது கஞ்சி போட்ட துணி போல விறைத்து, மஞ்சளும் சாம்பலுமாகத் திரிதிரியாக ஒட்டியிருக்கும். மூக்கு சுத்தமாக இருந்தாலும் கால் பொய் சொல்லாது.

அடுத்து மூச்சை எண்ணுங்கள். மூக்குத் துடிப்பை எண்ணக் கூடாது, அது சும்மாவே துடித்துக்கொண்டிருக்கும். முயல் ஓய்வாக இருக்கும்போது விலாப்புறம் ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இருந்தால் கவலையில்லை. உச்சி வெயிலிலும், ஓடி வந்த உடனேயும், பயந்திருக்கும்போதும் கூடும். அப்போது எண்ணிய கணக்கு செல்லாது. முயல் இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, தலையை அண்ணாந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மேற்கொண்டு படிக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

எல்லாத் தும்மலும் நோயல்ல. காய்ந்த புல்லை உதறும்போது எழும் தூசிக்கும், மரத்தூளுக்கும் இரண்டு தும்மல் போட்டுவிட்டு விட்டுவிடும். தும்மல் தொடர்ந்து, வெள்ளையாகக் கெட்டியான சளி வந்தால் அது கிருமியின் வேலை. பெரும்பாலும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா. போர்டெடெல்லா போன்றவையும் சேர்ந்துகொள்வதுண்டு. ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ஒழுகி, அதே பக்கத்துக் கண்ணிலும் நீர் வடிந்தால் மேல் பல்லின் வேர் வளர்ந்து அழுத்துகிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்த அன்றே முயலைத் தனியாக வையுங்கள், முடிந்தால் வேறு அறையில். முதலில் நல்ல முயல்களுக்குத் தீனி, கடைசியில் நோயாளிக்கு, பிறகு கை கழுவல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். தண்ணீர்க் கிண்ணமும் பொதுவாக இருக்கக் கூடாது. வீட்டில் கினிப் பன்றி இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். போர்டெடெல்லா அதற்குக் கொடிய நோயாகிவிடும். பல முயல்கள் இந்தக் கிருமிகளை மூக்கில் சுமந்துகொண்டே நன்றாக இருப்பவைதான். பயணம், வெயில், குட்டி ஈன்ற களைப்பு என்று ஏதாவது வந்து உடல் தளரும்போதுதான் கிருமி தலைதூக்கும். அதனால் கண்காட்சிக்குப் போய் வந்த முயலையும், புதிதாக வாங்கிய முயலையும் ஒரு மாதம் தனிக்கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கலாம். தும்மும் முயலைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது அடுத்தவர் கொட்டிலுக்கு நெருப்பு வைப்பது போல.

இனி, நான் செய்த தப்பு. மார்கழிக் குளிரில்தான் சளி பிடித்தது என்று நினைத்துக் கூண்டைச் சுற்றிச் சாக்கு கட்டினேன். குளிர் நின்றது, காற்றும் நின்றது. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா உள்ளேயே தங்கி மூக்கின் உட்சவ்வை அரித்தது, தும்மல் இரட்டிப்பானது. நின்றுகொண்டு மோந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து, முயலின் மூக்கு இருக்கும் உயரத்தில் முகத்தை வைத்து மோந்து பாருங்கள். கண் எரிந்தால் கூண்டுதான் முதல் நோயாளி. கூண்டின் அடித்தட்டைத் தினமும் கழுவுங்கள். படிந்த வெள்ளை உப்பு வினிகரில் கரையும். வாடைக்காற்று நேராக வீசும் பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும். கொசுவர்த்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் அந்த அறையில் வேண்டாம். மூக்கில் தைலம் தடவவே கூடாது.

மூக்கடைத்த முயலுக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். சளியைவிட இதுதான் சீக்கிரம் கொல்லும். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மூக்கைத் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு கொத்தமல்லி, புதினா போன்ற மணமுள்ள தழையை நீட்டுங்கள். அருகம்புல்லும் முயல் மசால் என்ற தீவனச் செடியும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ கவனியுங்கள். 12 மணி நேரம் தின்னவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது காற்றோட்டமுள்ள பெட்டியில் துண்டு விரித்து, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். பட்டினி போட வேண்டாம், முயலுக்கு வாந்தியே வராது. எடை, தும்மல் தொடங்கிய நாள், தின்ற அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். முயலுக்கு வைத்தியம் பார்த்த அனுபவம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் சிரப்பை மட்டும் தொடாதீர்கள். அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து, கழிச்சல் கண்டு முயல் செத்துப்போகும். மருத்துவர் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின் போன்ற வேறு மருந்தை வாரக்கணக்கில் எழுதுவார். தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

நின்றாலும் அது முடிவல்ல. மூக்கின் உள்ளறைகளில் ஒளிந்திருக்கும் கிருமியை முழுவதும் விரட்டுவது கடினம். வெள்ளச்சிக்கு மருந்து முடிந்து மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல முன்னங்காலைத் திருப்பினேன். ஒரு விரல்நுனி அளவுக்கு ரோமம் விறைத்திருந்தது. அதுவரை நான் ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை.