பேஸ்மென்டில் குடியேறுவோருக்கு: வீட்டு வைஃபையை ஒழுங்குபடுத்துதல்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து, ஸ்காபுறோவிலோ மார்க்கத்திலோ பிரம்டனிலோ ஒரு பேஸ்மென்டை (வீட்டின் நிலக்கீழ்த் தளத்தை) வாடகைக்கு எடுப்பவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரே குறையைச் சொல்லத் தொடங்குகிறார்கள்: கைபேசியில் வைஃபை அடையாளம் தெரிகிறது, ஆனால் ஊருக்கு எடுத்த வீடியோ அழைப்பில் அம்மாவின் முகம் பாதிச் சொல்லில் உறைந்துபோய் நிற்கிறது. உடனே வேகம் கூடிய இணையத் திட்டத்துக்கு மாறுவார்கள். அல்லது எட்டு அன்ரனாக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் விலை கூடிய பெட்டியொன்றை வாங்கி வருவார்கள். இரண்டும் பெரும்பாலும் வீண் செலவாகவே முடிகின்றன, ஏனெனில் குறை இணையத்தில் இருப்பதில்லை. அது வீட்டுக்குள் பரவும் வழியில் இருக்கிறது.

பெல் நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பானாலும் ரோஜர்ஸின் கேபிள் இணைப்பானாலும், நிறுவனம் தரும் ஒரே பெட்டிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்பை வாங்குவது மொடெம். அதை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பங்கிடுவது றூட்டர். கம்பியில்லாமல் அலையாக அனுப்புவது அக்சஸ் பொயின்ட். முதல் இரண்டும் எந்த மூலையில் இருந்தாலும் வேலை செய்யும். மூன்றாவது மட்டும் ஆட்கள் புழங்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அதைத் தனிக் கருவியாகப் பிரித்து வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மடிக்கணினியை ஈதர்நெட் கேபிளால் அந்தப் பெட்டியுடன் நேரே இணைத்து வேகத்தைப் பாருங்கள்; பின்னர் அதே அறையில் வைஃபையிலும், கடைசியாகப் படுக்கையறையிலும் பாருங்கள். கேபிளிலேயே வேகம் குறைவென்றால் நிறுவனத்தை அழைக்க வேண்டும். கேபிளில் நன்றாக இருந்து படுக்கையறையில் மட்டும் விழுந்துபோனால் தொடர்ந்து வாசியுங்கள்.

ஊரில் கல்லும் சீமெந்துமாகக் கட்டிய வீட்டில் ஒவ்வொரு சுவரும் அலையைத் தடுக்கும். இங்கே உட்சுவர்கள் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைகள் என்பதால் அலை அவற்றை எளிதாகக் கடந்துவிடும். ஆனால் பேஸ்மென்டின் கூரைக்கு மேல் வெப்பக் காற்றைக் கொண்டுசெல்லும் தகரக் குழாய்கள் ஓடுகின்றன. நடுவில் அந்தக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸும் வெந்நீர்த் தாங்கியும் நிற்கின்றன. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மேல்மாடி வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பின்னால், அலுமாரிக்குள் வைத்த பெட்டியிலிருந்து கீழே உங்கள் கட்டிலுக்கு வரவேண்டிய அலை இவை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அந்தப் பெட்டியை அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து உயரத்தில் வைக்க வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்தால், சில வீடுகளில் ஒரு சதமும் செலவில்லாமல் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால், கடையில் முதலில் காட்டப்படுவது சுவர்ச் செருகியில் மாட்டும் வைஃபை எக்ஸ்டெண்டர். அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே அலைபரப்பியால் கேட்டு அதே அலைபரப்பியால் திருப்பிச் சொல்லும் கருவி, ஒவ்வொரு செய்தியையும் இரண்டு முறை காற்றில் அனுப்புவதால் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் எனப்படும், ஒன்றோடொன்று பேசும் பல பெட்டிகள் கொண்ட தொகுதிகள் இதைவிட மேல். ஆனால் அவற்றின் கிளைப் பெட்டியும் தாய்ப் பெட்டியின் அலை நன்றாக எட்டும் இடத்தில் இருந்தால்தான் பயன் தரும், அலை எட்டாத மூலையில் அதை வைப்பவர்களே அதிகம். பெட்டிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கேபிளுக்குச் செலவழியுங்கள். கேபிள் வழியாக இணைத்த சாதாரண அக்சஸ் பொயின்ட், கம்பியில்லாமல் தொங்கும் விலை கூடிய பெட்டியை வென்றுவிடும்.

கேபிளுக்கு மூன்று வழிகள் உண்டு. புதிதாக ஒன்றை இழுப்பது முதலாவது. கேட்-6 எனப்படும் வகை ஈதர்நெட் கேபிள் ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போதும். 100 மீற்றர் வரை ஒரு கிகாபிட் வேகம் குறையாது. மலிவாக விற்கப்படும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைத் தவிர்த்து முழுச் செம்புக் கேபிளையே கேட்டு வாங்குங்கள். ஆனால் கூரையில் துளையிடும் முன் சொந்தக்காரரின் அனுமதி கட்டாயம் வேண்டும். மேல் வீட்டுக்கும் பேஸ்மென்டுக்கும் இடையிலான கூரை தீத்தடுப்புப் பிரிவாகவும் இருப்பதால், துளையைத் திறந்தபடி விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, சுவரில் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசிச் செருகி. புதிய வீடுகள் பலவற்றில் தொலைபேசிக்காக இழுத்திருப்பது ஈதர்நெட்டுக்கும் உதவும் கேட்-5இ வகைக் கேபிள்தான். அது இடையில் கிளைக்காமல் ஓடினால், இரு முனைகளையும் ஈதர்நெட் செருகியாக மாற்றினால் போதும். மூன்றாவது, தொலைக்காட்சிக்கான கோவாக்ஸ் கேபிள். மோகா 2.5 எனப்படும் தரத்திலான சிறு பெட்டிகள் இரண்டை இரு முனைகளிலும் மாட்டினால் அதுவே ஈதர்நெட் பாதையாகிவிடும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு உங்கள் சமிக்ஞை கசியாமலிருக்க, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதற்குரிய வடிகட்டியைப் பொருத்த வேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் கொண்ட, வைஃபை 6 தலைமுறை அக்சஸ் பொயின்ட் ஒரு குடும்பத்துக்குப் போதுமானது. கனடாவில் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2021இல் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் அதைப் பிடிக்கும் கைபேசி உங்களிடம் இருந்தாலொழிய அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் பொருளில்லை. டிபி-லிங்க் ஒமாடா, யூபிக்விட்டி யூனிஃபை ஆகியவற்றின் கூரையில் பொருத்தும் மாதிரிகளுக்கு மின்சாரமும் அதே ஈதர்நெட் கேபிளிலேயே செல்லும். அந்த மின்சாரத்தைக் கேபிளில் ஏற்றும் சிறு பெட்டி பல மாதிரிகளுடன் வருவதில்லை என்பதால், வாங்கும்போதே பெட்டியில் என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய றூட்டரையும் பயன்படுத்தலாம். அதன் மின்மாற்றியில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் செருகியை மட்டும் மாற்றினால் போதும். 230 என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஊரில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 12, 13ஆம் சனல்களும் (அலைவரிசைக்குள் பிரித்த பாதைகள்) உண்டு. இங்கே விற்கும் கருவிகள் பல 11க்கு மேல் பார்ப்பதில்லை. அந்தச் சனலில் நிற்கும் றூட்டரை இங்கு வாங்கிய மடிக்கணினி காணவே காணாது. அமைப்பில் நாட்டைக் கனடாவாக மாற்றுங்கள். அந்தத் தெரிவு இல்லாவிட்டால் கருவியைக் கைவிடுவதே சரி.

அமைக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சனல்களில் அயலில் நெரிசல் குறைந்த ஒன்றை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் தனி வீட்டுக்கு 80, அடுக்குமாடிக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பது என் பழக்கம். அனுப்பும் வலுவை உச்சத்தில் வைக்க வேண்டாம்: பெட்டி உரக்கக் கத்தினாலும், கைபேசியின் மெல்லிய குரல் திரும்ப எட்டாவிட்டால் உரையாடல் நடக்காது. இரண்டு அக்சஸ் பொயின்ட்கள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுத்து, சனலை மட்டும் வேறாக்குங்கள். பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ3, பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள்.

சொந்தக்காரரின் இணையத்தைப் பகிர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழிகாட்டிகள் எல்லாம் உங்கள் கருவியை அக்சஸ் பொயின்ட் முறையில் வைக்கச் சொல்லும். அதாவது கருவிகளுக்கு வலையமைப்பு முகவரி பங்கிடும் வேலையைத் தலைமை றூட்டரிடமே விடுவது. ஒரே குடும்பத்துக்கு அது சரி. ஆனால் அப்படி வைத்தால் மேல் வீட்டாரும் நீங்களும் ஒரே வலையமைப்பில் இருப்பீர்கள். உங்கள் அச்சுப்பொறி அவர்களுக்குத் தெரியும், அவர்களின் தொலைக்காட்சி உங்கள் கைபேசியில் தோன்றும், பிள்ளைகள் அறியாமல் மேலே கார்ட்டூனை ஓடவிடுவார்கள். அப்படிப் பகிரும் வீட்டில் றூட்டர் முறையில் இயங்கக்கூடிய கருவியே நல்லது. முகவரி மாற்றம் இரண்டு முறை நடப்பதால் சில விளையாட்டுக் கருவிகள் முறையிடும். வாட்ஸ்அப் அழைப்புக்கும் ஸூமுக்கும் பெரும்பாலும் எதுவும் ஆகாது. மேல் வீட்டாரின் கருவிகள் உங்கள் பக்கம் எட்டிப்பார்க்க வழியிராது.

எல்லாம் முடிந்ததும் கைபேசியுடன் அறை அறையாக நடந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் இலவசச் செயலிகள் அலையின் வலுவை எண்ணில் காட்டும்: வீடியோ அழைப்புக்குக் கழித்தல் 67 டிபிஎம் அளவில் இருப்பது நல்லது, கழித்தல் 80ஐத் தொட்டால் அந்த இடத்தில் உறைதல் தொடரும். வீடு மாறும்போது உங்கள் அக்சஸ் பொயின்ட்டைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். நிறுவனம் தந்த மொடெம் பெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்து, அதற்கான பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.