பன்னீர் திராட்சையில் தொடங்கி ஒயின் பழகுவது எப்படி?

கொடைக்கானல் வருகிறவர்கள் ஒயின் என்றதும் 'ஹோம்மேட்' என்று ஒட்டி விற்கிற பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். அதை விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் விற்பது குற்றம். உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம். பழகுவதற்கு நல்ல வழி மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்குப் பந்தல்களில் தொங்குகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் சொந்தபந்தங்கள் உலகின் பல மூலைகளில் ஒயினாகின்றன. அந்த உறவைப் பிடித்துக்கொண்டு போனால், அதிகம் பேசப்படாத ஊர்களின் ஒயின்கள் ஒவ்வொன்றாக அறிமுகமாகும்.

1. பழத்தைப் பிரித்துத் தின்னுங்கள்

பெரியகுளம், தேனி தாண்டிக் கம்பம். சுருளி அருவிக்குப் போகும் பக்கம் சுருளிப்பட்டித் தோட்டங்கள். கேட்காமல் குலையில் கை வைக்காதீர்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் படிவு அழிந்தால் பழத்தின் களையே போய்விடும்.

ஒரு கொத்து வாங்கி முதலில் முகருங்கள். லினலூல், ஜெரானியால் என்ற வாசனைப் பொருள்கள் ரோஜாவிலும் உண்டு, மஸ்கட் என்ற திராட்சைக் குடும்பத்திலும் உண்டு. பிறகு சதை, தோல், கொட்டை மூன்றையும் தனித்தனியே மெல்லுங்கள். சதையில் இனிப்பும் புளிப்பும். கொட்டையைக் கடித்ததும் ஈறு இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புதான் டானின். சிவப்பு ஒயின் தோலோடும் கொட்டையோடும் நொதிப்பதால் அதே பிடிப்பு அதில் வரும். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் சாற்றை முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். எத்தனை புத்தகம் படித்தாலும் இந்த ஒரு கொட்டை சொல்லித்தருவது வராது.

2. இரண்டு பாட்டில் போதும்

21 வயது ஆனவர்கள் டாஸ்மாக் எலைட் கடையில் நாசிக்கில் தயாரான செனின் பிளாங்க் (வெள்ளை ஒயின்) ஒன்றும் ஷிராஸ் (சிவப்பு ஒயின்) ஒன்றும் வாங்குங்கள். விலை உயர்ந்தது இப்போது வேண்டாம். இவற்றில் அந்த ரோஜா வாசனை இருக்காது. அது இல்லாத இடத்தில் வேறு என்ன இருக்கிறது என்று தேடுவதே பயிற்சி.

3. ருசி பார்ப்பது

ஷிராஸைக் குடிக்க 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. மார்கழியில் கொடைக்கானல் அறையே போதும். செனின் பிளாங்குக்கு 10 டிகிரி வாக்கில் குளிர் வேண்டும். வாய் குறுகிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் புரட்டித் துப்புங்கள். துப்புவது மரியாதைக் குறைவல்ல. தொழில்முறையில் ருசி பார்ப்பவர்களும் துப்பத்தான் செய்கிறார்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டப்போகிறவர் முகர்வதோடு சரி.

தோன்றியதை நமக்குத் தெரிந்த பெயரில் எழுதுங்கள்: கொய்யா, நார்த்தங்காய், பிளம்ஸ். தின்றே பார்க்காத ஐரோப்பியப் பழத்தின் பெயர் எதற்கு?

4. உறவுக்காரர்களைத் தேடிப் போவது

முதலில் உள்நாட்டு ஒயின் தோட்டங்கள். பக்கத்தில் பெங்களூரு அருகே நந்தி மலை. அடுத்து நாசிக், அறுவடை நடக்கும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள்.

கடல் தாண்டினால் கதை சுவாரசியமாகிறது. பன்னீர் திராட்சையின் ஒரு பெற்றோர் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. இத்தாலியின் பான்டெல்லேரியா தீவில் காற்றுக்குப் பயந்து குழிக்குள் குட்டையாக வளர்க்கும் கொடி அதுதான்; அந்த வளர்ப்பு முறையை 2014இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது. போர்ச்சுகலின் செதூபல் இனிப்பு ஒயினும் இதே ரகம். இன்னொரு பெற்றோர் ஸ்கியாவா, வட இத்தாலி மலைப்பகுதியான ஆல்டோ அடிஜேயில் லேசான சிவப்பு ஒயின் தருவது. அங்கேயும் பந்தல் சாகுபடி உண்டு, கம்பத்துக்காரர்களுக்கு அந்நியமாகவே இருக்காது! மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவைப் பெற்ற, பாட்டன் முறை ரகமான மஸ்கட் பிளாங்கை ருசிக்கக் கிரேக்கத் தீவான சாமோஸ். அந்த ரகத்தின் சிவப்பு வகையிலிருந்து வருவது ஆஸ்திரேலியாவின் ரதர்க்ளென் மஸ்கட். பீப்பாயில் நெடுங்காலம் கிடந்தது கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக ஊறி இறங்கும்.

திரும்பும்போது விமானப் பயணிக்கு 2 லிட்டர் வரை மதுவுக்குச் சுங்கவரி இல்லை. இனிப்பு ஒயின் 375 மில்லி அரை பாட்டிலிலும் கிடைப்பதால், பெரிய பாட்டில் இரண்டுக்குப் பதில் ஐந்து வகை கொண்டுவரலாம்.