மணிக்கு எவ்வளவு? பெங்களூரு கார்மெண்ட்ஸ் கூலியைக் கணக்கெழுதும் முறை

பெங்களூரில் பொம்மனஹள்ளி, பீன்யா, மைசூர் சாலை என்று எந்தப் பக்கத்துக் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டாலும், சம்பளச் சீட்டில் மாதக் கணக்குதான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்பதை நாமேதான் கணக்கிட வேண்டும். ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணம் சரியாக வருகிறதா, பக்கத்துத் தொழிற்சாலையில் அதே வேலைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்களா என்பதெல்லாம் அந்த ஓர் எண் கையில் இருந்தால்தான் தெரியவரும்.

முதலில் சீட்டில் உள்ள அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தத்துக்கு முந்தைய தொகையே வேண்டும். வருகைக்கான ஊக்கத்தொகையை இதில் சேர்க்கக் கூடாது. கூட்டுத்தொகை 12,480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வார விடுமுறை நீங்கலாக மாதத்துக்கு 26 நாள் என்பதே குறைந்தபட்சக் கூலிக் கணக்கு. ஆகவே 26 ஆல் வகுத்தால் நாளுக்கு 480, அதை 8 ஆல் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். ஓ.டி.க்கு இரு மடங்கு, அதாவது 120. இதையே 30 ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 416, மணிக்கு 52, ஓ.டி.க்கு 104 என்று இறங்கிவிடும். ஓ.டி. மணிக்குப் பதினாறு ரூபாய் கைவிட்டுப் போவது சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படாது.

அடுத்தது நேரக் கணக்கு. என் கருத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எனக்குத் தெரிந்த டைலர் அக்கா ஒருவர், தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், மெஷினில் உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் அன்றன்றே குறித்து வந்தார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, கார்டு பஞ்ச் ஆன பிறகும் டார்கெட்டை முடிப்பதற்காக நாள்தோறும் 20 நிமிடம் தைத்திருப்பது தெரிந்தது. 26 நாளுக்கு அது 8 மணி 40 நிமிடம்; முழுதாக ஒரு நாள் உழைப்புக்கும் மேல். ஏற்கெனவே வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்பவருக்கு இது ஓ.டி. கணக்கில் வரவேண்டிய நேரம். மேற்சொன்ன கூலியில் 1,040 ரூபாய். ஓ.டி.க்குப் பதிலாக விடுப்பு தருகிறோம் என்று சொன்னால், அந்த மணிகளையும் தனியே எழுதுங்கள்.

ஒருவர் கணக்கு ஒருவருக்கே உதவும். துறையின் நிலவரம் அறிய, வெவ்வேறு தொழிற்சாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும். ஹெல்பர், டைலர், செக்கர் ஆகியோரைக் கலக்கக் கூடாது. கர்நாடகத்தில் மண்டலவாரியாகக் கூலி மாறுவதால், நகரத்துக்கு வெளியே உள்ள தொழிற்சாலைகளைத் தனித் தாளில் எழுதுவது நல்லது. சராசரியைவிட, எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால், ஓரிருவரின் அதிகக் கூலி கணக்கைத் திரிக்காது. பெயர்களை மட்டும் எழுதாதீர்கள். தகவல் தந்தவரின் வேலைக்கு நம்மால் ஆபத்து வரக் கூடாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று விலைவாசிக்கேற்ப அகவிலைப்படி மாறும் என்பதால், மார்ச், ஏப்ரல் சீட்டுகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். அரசாணை கன்னடத்தில் இருந்தால் தயங்க வேண்டாம்: ‘கனிஷ்ட வேதன’ என்பது குறைந்தபட்சக் கூலி, ‘துட்டி பத்யெ’ என்பது அகவிலைப்படி. 2020 ஏப்ரலில் வரவேண்டிய மாதம் 417.60 ரூபாய் உயர்வை அரசு தள்ளிவைத்தது. நிலுவையோடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் சொன்ன பிறகும், பல தொழிற்சாலைகள் நெடுநாள் கொடுக்கவில்லை. அத்தகைய வேளையில் எந்த மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்று காட்டப் பழைய சீட்டுகள்தான் கைகொடுக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைத்துக் கொடுத்த கூலியின் மீதியைக் கோர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. முன்பு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் அது ஆறு மாதமாக இருந்தது. ஆகவே நோட்டையும் சீட்டுகளையும் அதுவரையாவது பத்திரமாக வைத்திருங்கள். பன்னேர்கட்டா சாலையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்குப் புகாரோடு போகும்போது பிரதிகளைக் கொடுத்து, மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.